ஸ்ப்ரே கன் பராமரிப்பு: பெயிண்டர்களும் பாலிஷ் வேலைக்காரர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிங்கரிங் ஷெட், மர பாலிஷ் பட்டறை, கேட்டும் கிரில்லும் செய்யும் வெல்டிங் கடை என்று எங்கே போனாலும் கம்ப்ரசர் காற்றில் ஓடும் ஸ்ப்ரே கன் ஒன்றாவது தொங்கும். கப் மேலே இருக்கும் கன், கப் கீழே இருக்கும் கன் இரண்டுக்கும் பொதுவாக வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரிய சுவர்களுக்கு அடிக்கிற ஏர்லெஸ் மெஷின் வேறு வகை, அதற்கு இவை பொருந்தாது.

வேலை முடிந்ததும் கன்னை எப்படிக் கழுவ வேண்டும்?

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், முறை அப்புறம். கடைசிக் கோட் அடித்து முடித்த அடுத்த பத்து நிமிடத்துக்குள் கழுவ ஆரம்பித்துவிட வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கன்னை மாட்டிவிட்டுப் போனால், நாசில் (பெயிண்ட் வெளிவரும் வாய்) நுனியில் இருக்கும் பெயிண்ட்தான் முதலில் காயும். ஈரமாக இருக்கும்போது கால் கப் தின்னரில் போகிற அழுக்கை, காய்ந்த பிறகு எடுக்க அரை லிட்டரும் போதாது.

மிச்சப் பெயிண்டை டப்பாவில் ஊற்றிவிட்டு, கப்பின் உள்சுவரைப் பிரஷ்ஷால் துடையுங்கள். கால் பங்கு தின்னர் ஊற்றி, மூடியைப் போட்டுக் குலுக்கி, ட்ரிகரை இழுத்து ஒரு பழைய டின்னுக்குள் அடியுங்கள். வெளியே வரும் தின்னரில் நிறம் இருக்கும். அதை வெளியேற்றிவிட்டு மறுபடியும் புதுத் தின்னர் ஊற்றி அடியுங்கள். நிறமே இல்லாமல் தெளிவாக வரும்வரை, பெரும்பாலும் மூன்று முறை, இதைச் செய்ய வேண்டியிருக்கும்.

நடுவில் ஒரு தடவை பின்னோட்டம் கொடுப்பது நல்லது. காற்றழுத்தத்தை நன்றாகக் குறைத்து, ஏர் கேப்பை (நாசிலைச் சுற்றி மாட்டும், காற்று ஓட்டைகள் உள்ள மூடி) ஒரு சுற்று தளர்த்தி, அதன் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு ட்ரிகரைத் தட்டித் தட்டி இழுத்தால், காற்று வெளியே போக வழியில்லாமல் பெயிண்ட் பாதைக்குள் திரும்பும். உள்ளே ஒட்டியிருக்கிற பெயிண்ட் கப்புக்குள் கொப்பளித்து வரும். கப் மூடி கட்டாயம் போட்டிருக்க வேண்டும், கண்ணாடியும் அணிந்திருக்க வேண்டும். தின்னர் கண்ணில் தெறித்தால் லேசில் விடாது.

கடைசியாக ஏர் கேப்பைக் கழற்றித் தனியாகக் கழுவி, நாசில் நுனியைப் பிரஷ்ஷால் தேய்த்து, கன்னின் வெளிப்பக்கத்தையும் துடைத்துவிட்டு, காற்றடித்துக் காய வையுங்கள். துடைக்க பனியன் வேஸ்ட் பயன்படுத்தலாம், ஆனால் நாசிலுக்கும் ஏர் கேப்புக்கும் வேண்டாம். அதன் நூல் ஓட்டையில் சிக்கிக்கொள்ளும். அந்த இரண்டுக்கும் நூல் பிரியாத காட்டன் துணி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். பல பட்டறைகளில் பெயிண்டர் அடித்துவிட்டுப் போய்விடுவார், கழுவும் வேலை புதிதாகச் சேர்ந்த பையன் தலையில் விழும். இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இன்று கன் சற்றுத் துப்பியதா, ட்ரிகர் பிசகியதா என்பதெல்லாம் அடித்தவர் கைக்குத்தான் தெரியும். அவரே கழுவினால்தான் அந்தக் குறை அன்றைக்கே கண்ணில் படும். பையனுக்குக் கற்றுக்கொடுப்பதானால் பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுங்கள்.

நடுவில் நிறம் மாற்றும்போதும் இவ்வளவு செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஒரே வகைப் பெயிண்டில் நிறம் மட்டும் மாறினால் இரண்டு தடவை தின்னர் அடித்து ஏர் கேப்பைத் துடைத்தால் போதும். அடர் நிறத்திலிருந்து வெளிர் நிறத்துக்குப் போகும்போது மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். மூடியின் உள்பக்க விளிம்பில் தங்கிய கறுப்போ சிவப்போ வெள்ளைக் கதவில் புள்ளியாக விழும். மெட்டாலிக் அடித்த பிறகு கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிக்கப் போகிறீர்களா? முழுக்கக் கழுவுங்கள். கிளியருக்கென்று தனி கன் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

எந்தத் தின்னரில் கழுவ வேண்டும்?

எதை அடித்தீர்களோ அதைக் கரைக்கும் தின்னர்தான். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கருக்கு என்சி தின்னர், பியு-வுக்கு (பாலியூரித்தேன்) பியு தின்னர், சிந்தெடிக் எனாமலுக்கு டர்பன்டைன். எனாமல் அடித்த கன்னில் நேரடியாக என்சி தின்னரை ஊற்றினால், பாதி காய்ந்த எனாமல் கரைவதற்குப் பதில் சுருங்கித் தோலாகப் பிரிந்து வந்து நாசிலில் அடைக்கும். முதலில் டர்பன்டைனில் கழுவி முடித்துவிட்டு, கடைசி அலசலுக்கு என்சி தின்னரை வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவிய தின்னரைக் கொட்ட வேண்டியதில்லை. ஒரு டின்னில் ஊற்றி இறுக மூடி வைத்தால், வண்டல் அடியில் தங்கி மேலே தெளிந்துவிடும். தெளிந்ததை மறுநாள் முதல் அலசலுக்கு எடுத்துக்கொள்ளலாம். கடைசி அலசல் மட்டும் எப்போதும் புதுத் தின்னரில்தான். அடி வண்டலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். காய வைத்து, கட்டியானதும் தனியாக அப்புறப்படுத்துங்கள்.

ராத்திரி முழுக்க கன்னைத் தின்னரில் ஊறப்போட்டு வைக்கிறோம். நல்லதுதானே?

இல்லை. ஊறப்போட்டால் சுத்தமாகும் என்பது பாதி உண்மைதான். கன்னுக்குள் பெயிண்ட் போகும் பாதையும் காற்று போகும் பாதையும் தனித்தனி. முழுக் கன்னையும் முக்கினால், கரைந்த அழுக்கோடு தின்னர் காற்றுப் பாதைக்குள்ளும் ஏறும். அது காய்ந்த பிறகு அங்கே படிந்த பெயிண்ட், அடுத்த வேலையில் தூசியாக உரிந்து உங்கள் பானலில் விழும். தவிர, நாசிலின் ஓட்டையை மூடித் திறக்கும் ஊசியான நீடிலைச் சுற்றியிருக்கும் பாக்கிங் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) எண்ணெய்ப் பசை இழந்து சுருங்கும், ஏர் வால்வின் சீலும் கெடும். பிறகு கன் ஒழுகுகிறது, துப்புகிறது என்று தேட வேண்டியதுதான்.

ஏர் கேப், நாசில், கப், மூடி ஆகியவற்றைக் கழற்றி ஊறப்போடலாம். உடலைக் கழுவும்போது கன்னின் மூக்கைக் கீழ்நோக்கிப் பிடித்து, முன்பகுதியை மட்டும் தின்னர் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

ஏர் கேப்பில் ஓட்டை அடைத்துவிட்டது. எதை வைத்துக் குத்துவது?

குண்டூசி, ஊசி, கம்பி, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, டிரில் பிட் எதுவும் வேண்டாம். விளக்குமாற்று ஈர்க்குச்சியை நுனி சீவித் தின்னரில் நனைத்துக் குத்துங்கள். தென்னை ஈர்க்கு உறுதியாகவும் இருக்கும், பித்தளையையும் அலுமினியத்தையும் கீறவும் செய்யாது. பல் குத்தும் மரக்குச்சியும் நைலான் பிரஷ்ஷும்கூடச் சரிதான். கெட்டியாக அடைத்திருந்தால் கேப்பை மட்டும் சற்று நேரம் ஊற வைத்துவிட்டுக் குத்தவும்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், பெயிண்டைப் பொடிப் பொடியாக உடைப்பது அந்த ஓட்டைகளில் வரும் காற்றுதான். நாசிலைச் சுற்றி வளையமாக வரும் காற்று பெயிண்டைச் சிதறடிக்கிறது. இரண்டு பக்கக் கொம்புகளில் இருந்து வரும் காற்று அதை அமுக்கி விசிறியாக்குகிறது. ஒரு கொம்பின் ஓட்டை மயிரிழை பெரிதானாலும் அந்தப் பக்கக் காற்றின் வேகம் மாறி விசிறி கோணலாகிவிடும். கம்பியால் பெரிதாக்கிய ஓட்டையைச் சரிசெய்ய வழி கிடையாது, கேப்பையே மாற்ற வேண்டும். காற்றால் திரவத்தைச் சிதறடிக்கும் இந்த முறை வைத்தியத்திலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஆலன் டெவில்பிஸ் என்ற மருத்துவர் தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு தெளிப்பான் செய்தார். அதே முறையை அவர் மகன் தாமஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயிண்டுக்குக் கொண்டுவந்தார்.

கன்னை முழுக்கக் கழற்றுவது எப்போது? எந்த வரிசையில்?

தினமும் வேலை நடக்கும் பட்டறை என்றால் வாரம் ஒரு முறை. எப்போதாவது அடிப்பவர்கள், பல நாள் வைக்கப்போகும் முன்பு.

ஹோஸைக் கழற்றி, ட்ரிகரை இழுத்து மிச்சக் காற்றை விட்டுவிடுங்கள். பின்னால் இருக்கும் பெயிண்ட் அட்ஜஸ்ட் நாபைத் திருகி எடுத்து, ஸ்பிரிங்கையும் நீடிலையும் நேராகப் பின்னோக்கி உருவுங்கள். பிறகு ஏர் கேப், கடைசியாக நாசில். நீடில் உள்ளே இருக்கும்போது நாசிலில் ஸ்பானர் போடவே கூடாது. நீடிலின் கூம்பு நுனியும் நாசிலின் உள்வாயும் ஒன்றோடொன்று உராய்ந்து கோடு விழும், அந்தக் கோட்டின் வழியாகத்தான் பிற்பாடு சொட்டும். மாட்டும்போது வரிசை தலைகீழ். நாசிலை இறுக்கி முடித்த பிறகே நீடில் உள்ளே போக வேண்டும்.

நாசிலுக்குக் கன்னோடு வந்த ஸ்பானரையே போடுங்கள். கட்டிங் பிளையர் பட்டால் முனை மழுங்கிவிடும். இறுக்கமும் அளவாக இருக்கட்டும், நாசிலின் மரை நுண்ணியது.

எங்கெங்கே எண்ணெய் விட வேண்டும்? என்ன எண்ணெய்?

தையல் மெஷின் எண்ணெய் போதும். நீடில் பாக்கிங்குக்குள் நுழையும் இடத்தில் ஒரு சொட்டு, ட்ரிகரின் பின்னில் ஒரு சொட்டு, ஏர் வால்வின் தண்டில் ஒரு சொட்டு, நாப்களின் மரையில் ஒரு சொட்டு. ஸ்பிரிங்குகளுக்கு வாசலின் லேசாகத் தடவலாம். விட்ட பிறகு மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். பெயிண்ட் படும் எந்த இடத்திலும் எண்ணெய் இருக்கக் கூடாது.

சிலிகான் ஸ்ப்ரே, சிலிகான் கிரீஸ் இரண்டையும் பெயிண்ட் ஷெட்டுக்குள்ளேயே விடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு சிலிகான் பானலில் பட்டாலும், அந்த இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகும். மீன் கண் என்று சொல்கிறோமே, அதுதான். காரின் டாஷ்போர்டைப் பளபளக்க வைக்கும் பாலிஷ்கள் பலவற்றில் சிலிகான் உண்டு. அவற்றைப் போட்ட கையோடு கன்னைத் தொடுவதும் ஆபத்துதான்.

விசிறி ஒழுங்காக வரவில்லை. கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சுவரில் பழைய செய்தித்தாளை ஒட்டி அதில் அடித்துப் பாருங்கள். ஏர் கேப்பின் கொம்புகளை மேலும் கீழுமாகத் திருப்பினால் விசிறி படுக்கையாக விழும். அப்படி வைத்து, கன்னை நகர்த்தாமல் பெயிண்ட் வழியும்வரை ட்ரிகரை இழுத்துப் பிடியுங்கள். வழிந்த கோடுகளைப் பாருங்கள். நடுவில் எல்லாம் ஒரே நீளமாகவும் இரு ஓரங்களில் சற்றுக் குறைந்தும் இருந்தால் கன் நலமாக இருக்கிறது. ஒரு ஓரத்தில் மட்டும் நீளமாக ஓடினால் அந்தப் பக்கம் பெயிண்ட் கனமாக விழுகிறது. நடுவில் மட்டும் ஓடினால் காற்று போதவில்லை, அல்லது பெயிண்ட் கெட்டியாக இருக்கிறது. இரு ஓரத்திலும் ஓடி நடுவில் வெறுமையாக இருந்தால் காற்று அதிகம், அல்லது தின்னர் அதிகம்.

ஒரு பக்கம் கனமாக விழுகிறதா? ஏர் கேப்பை அரைச் சுற்று திருப்பி மறுபடி அடியுங்கள். கனமான பக்கமும் கூடவே மாறினால் அடைப்பு ஏர் கேப்பில். மாறாமல் பழைய பக்கத்திலேயே நின்றால் நாசிலில் அழுக்கு அல்லது அடி. பிறை வடிவமாக வளைந்து விழுந்தால் கொம்பு ஓட்டை ஒன்று அடைத்திருக்கிறது. இந்த ஒரு சோதனையைத் தெரிந்துவைத்திருந்தால், கன்னைத் தேவையில்லாமல் பிரித்துப் போடும் வேலை பாதி குறையும்.

விட்டு விட்டுத் துப்பினால் பெயிண்ட் பாதைக்குள் காற்று நுழைகிறது என்று அர்த்தம். கப்பில் பெயிண்ட் தீர்ந்துபோயிருக்கலாம். மூடியின் காற்று ஓட்டை அடைத்திருக்கலாம், அதை முதலில் பாருங்கள். நாசில் தளர்ந்திருக்கலாம், பாக்கிங் காய்ந்திருக்கலாம். கப்புக்குள் குமிழி வந்தால் பெரும்பாலும் நாசில்தான் தளர்ந்திருக்கும், அல்லது அது உட்காரும் இடத்தில் கீறல் இருக்கும். கப் கீழே உள்ள கன்னில் இன்னொரு காரணமும் உண்டு. மேசை மாதிரிப் படுக்கையான பரப்புக்குக் குனித்து அடிக்கும்போது பெயிண்ட் கப்பின் முன்பக்கம் சேரும். உள்ளே இருக்கும் வளைந்த குழாயின் வாயும் முன்பக்கம் பார்த்திருந்தால்தான் அதை இழுக்கும்.

ட்ரிகரை விட்ட பிறகும் நாசில் நுனியில் சொட்டுகிறது.

நீடில் முழுக்க மூடவில்லை. பாக்கிங் நட்டை அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். கையால் இறுக்கி, பிறகு ஸ்பானரால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் ட்ரிகரை இழுத்து விட்டுப் பார்க்க வேண்டும். நீடில் தடையில்லாமல் சட்டென்று திரும்ப வேண்டும், அதே சமயம் பின்னால் பெயிண்ட் கசியவும் கூடாது. பாக்கிங் சரி என்றால் நீடில் நுனியில் தூசி இருக்கலாம். அதுவும் இல்லை என்றால் நீடிலை எடுத்து நுனியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் ஒரு வளையத்தில் தட்டினால் நீடில் தேய்ந்துவிட்டது.

காற்று மட்டும் நிற்காமல் வருகிறதே?

ஏர் வால்வின் சீலில் தூசி அல்லது தேய்மானம். வால்வைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டால் பெரும்பாலும் நிற்கும். ஆனால் சின்னக் கம்ப்ரசரோடு வரும் சில கன்கள் எப்போதும் காற்று வந்துகொண்டே இருக்கும்படி செய்யப்பட்டவை. அதைக் கோளாறு என்று நினைத்துப் பிரிக்க வேண்டாம்.

கன்னைப் பளிச்சென்று வைத்திருக்கிறேன். ஆனாலும் பெயிண்டில் தண்ணீர்ப் புள்ளி, வெள்ளை பூப்பது எல்லாம் வருகிறது. ஏன்?

கன்னை மட்டும் பார்த்தால் போதாது, கன்னுக்கு வரும் காற்றையும் பார்க்க வேண்டும். என் கணிப்பில், கன் கோளாறு என்று கொண்டுவரப்படும் புகார்களில் நிறைய காற்றில் இருக்கும் தண்ணீரால் வருபவைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் நாளில் அதில் 24 கிராம் இருக்கும். கம்ப்ரசர் அந்தக் காற்றை 100 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) அழுத்தத்துக்கு அமுக்கும்போது அது எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. மறுபடி 30 டிகிரிக்கு ஆறும்போது அந்தச் சிறிய இடம் 4 கிராமுக்கும் குறைவான ஆவியைத்தான் தாங்கும். மிச்சம் 20 கிராம் தண்ணீராக மாறும். நிமிடத்துக்கு 200 லிட்டர் காற்று இழுக்கும் கம்ப்ரசர் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் கிட்டத்தட்ட கால் லிட்டர் தண்ணீர்! சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களிலும், ஐப்பசி கார்த்திகை மழையில் எல்லா ஊர்களிலும் இது அன்றாடம் நடப்பதுதான்.

அதனால் டேங்க் அடியில் இருக்கும் ட்ரெய்ன் வால்வை தினமும் திறந்துவிடுங்கள், மழைக்காலத்தில் இரண்டு வேளை. டேங்கில் கொஞ்சம் அழுத்தம் இருக்கும்போது மெதுவாகத் திறந்தால் தண்ணீரும் துருவும் சேர்ந்து வெளியேறும். திறக்காமலே விட்டால் டேங்கின் அடித்தகடு உள்ளிருந்து துருப்பிடித்து மெலியும். மெலிந்த டேங்க் வெடித்தால் உயிரே போகும்.

தண்ணீர் பிடிக்கும் ஃபில்டரைக் கம்ப்ரசர் வாயிலேயே மாட்டுவது பரவலாக நடக்கும் தவறு. அங்கே காற்று சூடாக இருப்பதால் தண்ணீர் இன்னும் ஆவியாகத்தான் இருக்கும், ஃபில்டரைத் தாண்டிப் போய் ஹோஸில் ஆறிச் சொட்டாகும். 20, 25 அடி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் ஓடி ஆறிய பிறகு, கன்னுக்கு அருகில் ஃபில்டர் இருக்க வேண்டும். குழாய்க்குச் சற்றுச் சரிவு கொடுத்து, தாழ்ந்த முனையில் ஒரு ட்ரெய்ன் வால்வு வையுங்கள். கன்னுக்குப் போகும் கிளையைக் குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுத்தால், அடியில் ஓடும் தண்ணீர் கிளைக்குள் வராது.

வேலை தொடங்கும் முன் ஹோஸின் நுனியை ஒரு கண்ணாடித் துண்டுக்கு நேராகப் பிடித்து ஒரு நிமிடம் காற்றை விடுங்கள். ஈரம் தெரிந்தால் தண்ணீர். விரலில் தடவிப் பார்த்து வழுவழுப்பாக இருந்தால் எண்ணெய், அதாவது கம்ப்ரசரின் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

வெள்ளை பூப்பதற்குக் காற்றுக் குழாயைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. என்சி லேக்கரின் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும். சுற்றியிருக்கும் ஈரம் அதன் மேல் படிந்து பால் மாதிரி வெளுக்கும். அந்த நாளில் ரிடார்டர் (ஆவியாவதை மெதுவாக்கும் திரவம்) சேர்க்கலாம். மழை கொட்டும்போது அடிக்காமல் தள்ளிப்போடுவதே என் யோசனை.

கம்ப்ரசருக்கு வேறு என்ன செய்ய வேண்டும்?

எண்ணெய்க் கண்ணாடியை வேலைக்கு முன் பாருங்கள். அளவு குறைந்தால் கம்ப்ரசருக்கென்று விற்கும் எண்ணெயையே ஊற்றுங்கள். எண்ணெய் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, உடனே மாற்றுங்கள். காற்று இழுக்கும் ஃபில்டரை வாரம் ஒரு முறை தட்டித் துடையுங்கள். பட்டி தேய்க்கும் ஷெட்டில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவுக்கு இறங்க வேண்டும். மெஷினை நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. சேஃப்டி வால்வின் வளையத்தை அவ்வப்போது இழுத்துக் காற்று விடுகிறதா என்று சோதியுங்கள்.

ஹோஸையும் மறக்காதீர்கள். மெல்லிய ஹோஸ் நீளமாக ஓடினால் வழியிலேயே அழுத்தம் விழுந்துவிடும். ரெகுலேட்டரில் 50 பவுண்டு காட்டும், கன்னில் 30தான் வரும். கன்னின் கைப்பிடியில் ஒரு சின்ன கேஜ் மாட்டி, ட்ரிகரை இழுத்துப் பிடித்தபடி வரும் அளவைப் பாருங்கள், அதுதான் நிஜ அளவு.

ஹார்டனர் (பெயிண்டை இறுக வைக்கும் திரவம்) கலந்த பியு கன்னுக்குள் இறுகிவிட்டது. என்ன செய்யலாம்?

முழுக்க இறுகிய பியு எந்தத் தின்னரிலும் கரையாது. என்சி காய்ந்தால்கூடத் தின்னரில் திரும்பக் கரையும். பியு அப்படியல்ல, ஹார்டனரோடு வினைபுரிந்து வேறு பொருளாகிவிட்டது. நாசில், நீடில், ஏர் கேப்பை ஊற வைத்தால் சில சமயம் உப்பிச் சுரண்ட வரும். உடலின் பெயிண்ட் பாதைக்குள் இறுகியிருந்தால் பெரும்பாலும் கன் போன மாதிரிதான். டப்பாவில் எழுதியிருக்கும் பயன்பாட்டு நேரத்தை, வெயில் காலத்தில் இன்னும் குறைத்தே கணக்கில் வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போகும் முன் கப்பில் பியு இருந்தால் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும்.

பெயிண்ட் ரிமூவர் ஊற்றி ஊற வைக்கலாமா?

கூடாது. பல ரிமூவர்களில் மெத்திலீன் குளோரைடு இருக்கிறது. குளோரின் கலந்த இந்த மாதிரிக் கரைப்பான்கள் அலுமினியத்தோடு வினைபுரியும். அலுமினிய உடலோ கப்போ உள்ள கன்னுக்குள் அழுத்தத்தோடு இருக்கும்போது வெடிக்கவும் கூடும். கன் மேனுவல்களில் தெளிவாக எச்சரித்திருப்பார்கள். அந்தப் புகையும் நுரையீரலுக்குக் கேடு.

தண்ணீரில் கலக்கும் பெயிண்டுக்கு?

முதலில் தண்ணீர், பிறகு அந்தக் கம்பெனி சொல்லும் கழுவும் திரவம். தண்ணீரில் கலக்கும் பெயிண்ட் அடித்த கன்னில் உடனே என்சி தின்னரை ஊற்றினால் பெயிண்ட் திரிந்து கட்டிகளாக அடைக்கும். முடித்ததும் காற்றடித்து நன்றாகக் காய வையுங்கள். நாசிலும் நீடிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இல்லையென்றால் ஒரே இரவில் துரு பிடிக்கக்கூடும்.

கழுவும்போது மாஸ்க் வேண்டுமா? அடிப்பது முடிந்துவிட்டதே?

வேண்டும். அடிக்கும்போது போட்ட மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கழுவ உட்காரும் பழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். பியு ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சிரைப்பை உண்டாக்கும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிற்பாடு கொஞ்சம் பட்டாலும் மூச்சு அடைக்கும். கைக்குட்டை கட்டுவதும் துணி மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. தின்னர் ஆவிக்குக் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும். தினமும் பியு அடிப்பவர்களுக்கு வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் கொண்டுவரும் முகமூடிதான் சரி. கைக்கு நைட்ரைல் கையுறை போடுங்கள். வெறும் கையில் தின்னர் தொட்டுத் தொட்டுத்தான் தோல் வெடிக்கிறது.

தின்னரை அடித்துக் கழுவும் இடம் திறந்த வெளியாக இருக்க வேண்டும். மோட்டார், சுவிட்ச், வெல்டிங், பீடி, சாமி விளக்கு எதுவும் அருகில் இருக்கக் கூடாது. ஆவி தரையோடு பரவும், தள்ளி இருக்கும் தீயையும் எட்டும். எனாமலோ ஆளி எண்ணெயோ துடைத்த துணியைக் குவித்துப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய டின்னில் போடுங்கள்.

நாசில், நீடில், ஏர் கேப்பைத் தனித்தனியாக மாற்றலாமா?

செட்டாகவே மாற்றுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று அளவு பார்த்துச் செய்யப்பட்டவை. தேய்ந்த நாசிலில் புது நீடில் போட்டால் முழுக்க மூடாது. அளவு பொதுவாக பேஸ் கோட்டுக்கும் கிளியருக்கும் 1.3 அல்லது 1.4 மி.மீ., பிரைமருக்கு 1.7 முதல் 2 மி.மீ. வரை. கன்னின் உடல் ஒழுங்காகக் கழுவப்பட்டிருந்தால் பல செட்டுகளைத் தாண்டி உழைக்கும்.

பல நாள் பயன்படுத்தாமல் வைக்கப் போகிறேன். எப்படி வைப்பது?

முழுக்கக் கழற்றிக் கழுவி, காய வைத்து, முன்பு சொன்ன இடங்களில் எண்ணெய் விட்டு, நீடிலின் மேலும் லேசாகத் தடவி மாட்டுங்கள். பெயிண்ட் நாபைச் சில சுற்று தளர்த்தி வைத்தால் ஸ்பிரிங் அழுத்தத்திலேயே கிடக்காது. துணி சுற்றி, சிமெண்ட் தூசியும் பட்டித் தூசியும் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். கம்ப்ரசர் டேங்கைக் காலி செய்து ட்ரெய்ன் வால்வைத் திறந்தே விடுங்கள். மறுபடி எடுக்கும்போது, பெயிண்ட் ஊற்றும் முன் ஒரு தடவை தின்னர் அடித்து அந்த எண்ணெயை வெளியேற்றிவிடுங்கள்.